வாஃபிள் தட்டும் கறுப்புக் கோட்டும்

எங்கள் வீட்டில் சாவுச் சேதியை வெறும் வயிற்றில் சொல்லமாட்டார்கள். முதலில் சாப்பிட வைப்பார்கள். சாவு வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா, அதனால் வந்த பழக்கம். போகிறவர்கள் ஒரு பொழுது முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். ஆகவே சேதி கொண்டுவருகிறவர் ஒன்றுமே நடக்காதது போல் முகத்தை வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மெட்ராஸில் கல்லூரி விடுதியில் நான் இருந்தபோது ஒரு நாள் காலையில் சித்தப்பா வந்து நின்றார். "சும்மா ஒரு வேலையா வந்தேன்" என்றார். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார். எங்கள் சித்தப்பா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவர் ரோஸ்ட் வாங்கித் தருகிறாரே என்று நான் பூரித்துப்போனேன். அவர் காப்பி மட்டும் குடித்தார். நான் முடித்ததும், "இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றார். அதுவும் வந்தது, அதையும் தின்றேன். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான், பெரியப்பா போய்விட்டார் என்று சொன்னார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பா. அவர் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும்போது நான் மெட்ராஸில் நெய் ஒழுகத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அதற்கப்புறம் பல வருடங்கள் சித்தப்பாவிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஹாம்பர்க் துறைமுகத்தில் நார்வே மாலுமிகளின் தேவாலயத்தில் நான் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் தம்பி ஒரு நார்வே சரக்குக் கப்பலில் ஜூனியர் இன்ஜினீயர். கல்கத்தாவில் படித்துவிட்டு, நாகப்பட்டினத்தில் அப்பா பார்த்து வைத்திருந்த மின்வாரிய வேலையை உதறிவிட்டு, கப்பலேறியவன். "நீ ஒரே ஊர்ல உக்காந்து கண்ணாடிக் குழாயப் பாரு, நான் உலகத்தப் பாக்கறேன்" என்று எனக்கு எழுதுவான். அவன் பார்த்த உலகத்தில் முக்கால்வாசி எஞ்சின் அறைதான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் கடிதங்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று, கப்பலின் இரண்டாம் இன்ஜினீயர். கப்பல்காரர்கள் அவரை 'செகண்ட்' என்றுதான் சொல்வார்கள், தம்பியும் அப்படியே எழுதுவான். செகண்ட் இப்படித் திட்டினார், செகண்ட் அப்படிச் சொல்லிக் கொடுத்தார், செகண்டுக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன், தும்மித் தும்மிக் குடித்தார். இன்னொன்று, இந்த ஹாம்பர்க் தேவாலயம். நார்வேக்காரர்கள் தங்கள் மாலுமிகளுக்காகத் துறைமுகக் கரையில் போருக்கு முன்பே கட்டிய இடமாம். நான் இருக்கும் ஊரில்தான் இருக்கிறது, நான் போனதில்லை, அவன் போயிருக்கிறான். அங்கே யார் போனாலும் வாஃபிள் என்கிற இனிப்பு அடை சுட்டுக் கொடுப்பார்களாம். இவன் அதற்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுத் தின்பானாம். சமையற்கட்டு அம்மாள் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாளாம், அப்புறம் அவன் ஊறுகாய் பாட்டிலைத் தன் அலமாரியிலேயே ஓரிடம் ஒதுக்கி வைத்துவிட்டாளாம். "ஆடாத நாற்காலியில உக்காந்து சாப்பிடணும்னா அங்கதான் அக்கா" என்று எழுதியிருந்தான்.

போன தடவை அவன் கப்பல் வந்தபோது நான் பான் நகரத்தில் ஒரு கருத்தரங்கில் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை என்னை அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். கப்பல் அந்த வாரம் வர வேண்டும். நான் புளிக்காய்ச்சல் செய்து வைத்திருந்தேன்.

அன்று காலையில் ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரரின் வானொலியில் செய்தி ஓடியது. வட கடலில், எல்பே ஆறு போய்ச் சேரும் இடத்துக்கு வெளியே, ஒரு நார்வே சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் தீ. ஆட்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள், சிலரைக் காணவில்லை. கப்பலின் பெயரையும் சொன்னார்கள். தம்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு உறையிலும் என் கையாலேயே எழுதிய பெயர் அது.

அப்புறம் வானிலை அறிக்கை வாசித்தார்கள். நான் அதையும் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கப்பல் முகவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். விவரம் எதுவும் உறுதியாகவில்லை, உறுதியானதும் நெருங்கிய உறவினருக்குத் தந்தி போகும் என்றார். நான்தான் உறவினர் என்றேன். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, பதிவில் இருப்பது தகப்பனார், இந்தியாவில், என்றார். நாகப்பட்டினத்தில் தந்தி என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தந்திச் சேவகனின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா வாசலில் சரிந்துவிடுவாள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னாலேயே. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நல்லதோ கெட்டதோ, என்னிடமிருந்து போக வேண்டும். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் மொழி நன்றாக வரும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நார்வே மாலுமிகள் தேவாலயத்துக்குப் போங்கள். எங்களுக்கு முன்னால் பாதிரியாருக்குத் தெரிந்துவிடும்" என்றார்.

புடவைக்கு மேல் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் பனிமூட்டம் அடர்ந்து நின்றது. ஆற்றில் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஊதல் சத்தம் மட்டும் ஒவ்வொரு பக்கமிருந்தும் வந்தது. அந்தத் தெருவில் வட ஐரோப்பிய நாட்டுக்காரர்களின் தேவாலயங்கள் நாலு, வரிசையாக இருக்கின்றன. ஸ்வீடனுக்கு ஒன்று, டென்மார்க்குக்கு ஒன்று, பின்லாந்துக்கு ஒன்று, நார்வேக்கு ஒன்று. பதற்றத்தில் நான் முதலில் நுழைந்தது ஸ்வீடன்காரர்களுடையது. அங்கே ஒரு கிழவர் நான் சொன்ன கப்பல் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்னோடு தெருவில் இறங்கி வந்து சரியான கதவைக் காட்டினார். அவர் எதற்காகத் தொப்பியைக் கழற்றினார் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

செங்கல் கட்டடம். உள்ளே போனால் கோயில் என்று சொல்ல முடியாது, வீடு என்றும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் திறந்த கதவு வழியாகப் பிரார்த்தனைக் கூடம் தெரிந்தது. அதன் கூரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பலின் பொம்மை வடிவம் கம்பியில் தொங்கியது, பாயெல்லாம் விரித்து. இன்னொரு பக்கம் வாசிப்பறை. நார்வேச் செய்தித்தாள்கள், மெத்தை நாற்காலிகள், ஜன்னலோரம் ஒரு மேசை. அறை முழுக்க வெண்ணெயும் ஏலக்காயும் மணத்தன. ஏலக்காய் மணத்தை ஹாம்பர்க்கில் நான் அங்கேதான் முதன்முதலாக நுகர்ந்தேன்.

சமையற்கட்டிலிருந்து ஓர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நல்ல உயரம், கன்னமெல்லாம் சிவப்பு. கப்பல் பெயரைச் சொன்னேன். என் தம்பி அதில் இருக்கிறான், இந்தியன், ஜூனியர் இன்ஜினீயர் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊறுகாய்ப் பையனா?" என்றாள்.

ஆமாம் என்றேன். உடனே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு திரும்பி, "பாதிரியார் தொலைபேசியில் இருக்கிறார். நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போனவள் ஒரு தட்டோடு வந்தாள். பூப்போல ஐந்து இதழ்களாகச் சேர்ந்த வாஃபிள், சுடச்சுட. மேலே பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டித் துண்டு. அதை என் முன்னால் வைத்து, கரண்டியையும் கையில் கொடுத்து, அவள் சொன்னாள்:

"முதலில் சாப்பிடுங்கள்."

முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அந்த நொடியில் எனக்கு உறுதியாகவே தெரிந்தது. இவளுக்குத் தெரியும். அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது எதிரே நின்று, நான் தின்று முடிப்பதற்காகக் காத்திருக்கிறாள்.

"வேண்டாம்" என்றேன்.

"கொஞ்சமாவது. உங்கள் முகம் வெளுத்துப்போயிருக்கிறது."

"எதற்காகச் சாப்பிடச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு எதுவும் தெரியாதே. இங்கே யார் வந்தாலும் கொடுப்போம்" என்றாள். இதைத்தான் சித்தப்பாவும் சொன்னார், சும்மா வந்தேன் என்று. நான் தட்டைத் தள்ளினேன், கொஞ்சம் வேகமாகவே. கரண்டி கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடியும் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிடிவாதத்தில் எனக்குக் குறைந்தவள் இல்லை.

அப்போதுதான் ஜன்னலோர மேசையில் இன்னொருத்தி இருப்பதைக் கவனித்தேன். நாற்பது வயதிருக்கும், கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டை. மேசை மேல் ஆயிரம் துண்டுகளாக வெட்டிய படம் ஒன்று பாதி சேர்த்து வைத்திருந்தது. வருகிற மாலுமிகள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போவார்கள் போலிருக்கிறது. அவள் ஒரு கையால் துண்டுகளைத் தேடிப் பொருத்திக்கொண்டே, இன்னொரு கையால் வாஃபிளைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். சுற்றுலா வந்தவள் என்று நினைத்தேன். என் தலையில் இடி விழுந்துகொண்டிருக்கும்போது இவள் தின்பதையும் விளையாடுவதையும் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தலை நிமிராமலே ஜெர்மனில் கேட்டாள். "நீங்கள் கிளியின் அக்காவா?"

"கிளியா?"

"என் கணவர் அப்படித்தான் எழுதுவார். எந்நேரமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற கிளி. அவர் அதே கப்பலில்தான் இருக்கிறார், இரண்டாம் இன்ஜினீயர்."

கப்பல் கரைக்கு வரும்போது கணவனைப் பார்க்கலாம் என்று நார்வேயிலிருந்து முந்தின நாள் வந்தவளாம். விடிந்ததிலிருந்து இதே நாற்காலியில்தான் இருக்கிறாளாம்.

"உங்களால் எப்படிச் சாப்பிட முடிகிறது?" என்றேன். குரலில் இருந்த குத்தலை மறைக்க நான் முயலவில்லை.

அவள் அதற்குக் கோபப்படவில்லை. கையில் இருந்த படத்துண்டால் சுவரைக் காட்டினாள். பாதிரியாரின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் நீளமான கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கியது.

"நீங்கள் தட்டைப் பார்க்கிறீர்கள். தட்டில் ஒன்றும் இல்லை, மாவும் முட்டையும்தான். அதைப் பாருங்கள்" என்றாள். அவள் ஊர் ஒரு தீவு. அங்கே கடலில் யாராவது போய்விட்டால் தந்தி, தபால் எதுவும் நேராக வீட்டுக்கு வராது. பாதிரியாருக்குத்தான் வரும். அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நடந்து வந்து, நேரில் சொல்வார். கோட்டோடு அவர் தெருவில் திரும்பினால் பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தங்கள் வீட்டைத் தாண்டிப் போக வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம். "அவர் கம்பளிச் சட்டையோடு வருகிறவரை ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டு ஆணியில் இருக்கிறவரை நாம் சாப்பிடலாம்."

எனக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை. ஆனால் அதற்கப்புறம் என் கண் அந்த ஆணியை விட்டு நகரவில்லை. முன்னால் ஒரு பயம்தான் இருந்தது, இப்போது தட்டு, கோட்டு என்று இரண்டாகிவிட்டது. கதவுக்கு உள்ளே பாதிரியாரின் குரல் நார்வே மொழியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எதிரே அந்தப் பெண் குரலைக் கேட்டுக்கொண்டே துண்டுகளைத் தேடினாள். நான் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும், ஒரே துண்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தது. பொருந்தாது என்று எனக்கே தெரிந்தது.

கதவு திறந்தது. இருவரும் எழுந்துவிட்டோம். பாதிரியார் கம்பளிச் சட்டையில்தான் இருந்தார். இளைஞர், தலை கலைந்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"உங்கள் தம்பிக்கு இடது கையில் தழும்பு ஏதாவது உண்டா?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"தயவுசெய்து சொல்லுங்கள்."

அடையாளம் கேட்கிறார்கள். உயிரோடு இருக்கிறவனிடம் பெயரைக் கேட்பார்கள், தழும்பையா கேட்பார்கள்? "உண்டு" என்றேன். "மணிக்கட்டுக்கு மேலே. தீபாவளிக்கு வெடி கையிலேயே வெடித்துவிட்டது." சொல்லும்போது என் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் உட்காரவில்லை. அந்த வெடி வெடித்த அன்றைக்கு அவன் அழவே இல்லை, நான்தான் அழுதேன் என்பது நினைவுக்கு வந்தது. அம்மா வெந்த இடத்தில் மாவைத் தடவினாள், அப்பா கத்தினார். அந்தத் தழும்பு இதற்கா உதவ வேண்டும் என்று நினைத்தேன். நாகப்பட்டினத்துத் தெருமுனையில் தந்திச் சேவகனின் சைக்கிள் திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. "முருகா, முருகா" என்று வாய்விட்டே சொன்னேன். சமையற்கட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றாள். அந்த நார்வேப் பெண் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன. அப்போதுதான் தெரிந்தது, அவள் சாப்பிட்டதும் விளையாடியதும் எதற்காக என்று.

"கோட்டு ஆணியில்தான் இருக்கிறது" என்றாள் என் காதருகே.

மறுபடியும் கதவு திறந்தது. கம்பளிச் சட்டை.

"இருக்கிறார்" என்றார் பாதிரியார். "உங்கள் தம்பி இருக்கிறார். கப்பலில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் புகையைச் சுவாசித்துப் பேச முடியாமல் இருந்திருக்கிறார். யார் என்று தெரியாமல் மருத்துவமனையில் கேட்டார்கள். அவர்தான் உங்கள் தம்பி. தொண்டை புண்ணாகியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. மத்தியானம் வண்டியில் இங்கே அழைத்து வருகிறார்கள். இன்னொருவரும் பத்திரம்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தமிழில் ஏதோ சொன்னேன், திட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். சமையற்கட்டு அம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டே சிரித்தாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அப்படி ஒரு பசி வந்தது. ஆறிப்போன அந்த வாஃபிளைக் கையாலேயே பிய்த்து வாய் நிறையத் திணித்துக்கொண்டேன். பாலாடைக்கட்டி அடிபிடித்த பால்கோவா போல இனித்தது. என் தம்பி இருக்கிறான் என்று அந்த இனிப்பில்தான் நம்பினேன்.

மென்றுகொண்டே நிமிர்ந்தேன். பாதிரியார் ஆணிக்குப் பக்கத்தில் நின்றார். கோட்டை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார், இன்னொரு கையை நுழைத்தார். மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் அவருக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். என் நல்ல சேதிக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் என் கண்ணைப் பார்த்தாள். என் கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். திரும்பவில்லை. மேசையிலிருந்து ஒரு படத்துண்டை எடுத்தாள், அதன் இடத்தைத் தேடினாள், அழுத்திப் பொருத்தினாள். இந்தத் தடவை பொருந்தியது. அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

பாதிரியார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசியது நார்வே மொழி. நான் புரிந்துகொள்ள அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். பிறகு இருவரும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனார்கள், கூரையில் தொங்கும் அந்தப் பொம்மைக் கப்பலுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். வாந்தி எடுத்தேன். என் தம்பி பிழைத்தான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் போகவே இல்லை, அவள் இருக்கும்போதும் போகவில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

சைக்கிளைக் கண்டு அம்மா சரிந்தாலும் பிரித்ததும் எழுந்துவிடட்டும் என்று, முதல் சொல்லே 'பத்திரம்' என்று போட்டு அப்பாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவள் வாசிப்பறையில் எனக்காகக் காத்திருந்தாள்.

"தீப்பிடித்தபோது உங்கள் தம்பி அவரோடு கீழே இருந்திருக்கிறான்" என்றாள். "அவர் இவனை மேலே அனுப்பிவிட்டு, வால்வை அடைக்கத் திரும்பியிருக்கிறார். பையனுக்கு முடிவு தெரியாதாம். மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. அவனிடம் நான் பேச வேண்டும். கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். ஆனால் முதலில் யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்." அந்த ஆணியைப் பார்த்தாள். "பாதிரியார் வேண்டாம். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் பையன் பயந்துபோவான். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் மொழியில்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

மத்தியானம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வண்டி வந்தது. கப்பல்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், யாரோ கொடுத்த உடைகளில். கடைசியில் அவன் இறங்கினான். முழங்கால்வரை தொங்குகிற ஒரு நார்வேக் கம்பளிச் சட்டை, கருகிய புருவம். அவன் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். எண்ணெயும் புகையும் நாறினான், தலை இன்னும் ஈரமாக இருந்தது. "தலையத் துவட்டினியா இல்லியாடா? நனஞ்ச தலையோடயா இவ்ளோ தூரம் வந்த?" என்று திட்டினேன். அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

வாசிப்பறையில் சுவரோரமாக அவனை உட்கார வைத்தேன், ஆடாத நாற்காலியில். பிரார்த்தனைக் கூடத்தின் கதவை யாரோ சாத்தியிருந்தார்கள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"செகண்ட் வந்துட்டாரா அக்கா?" கிசுகிசுப்பாகத்தான் குரல் வந்தது. "என்னை ஏணில தள்ளிவிட்டுட்டு, நீ போ, பின்னாலயே வரேன்னார். என்னை ஒரு போட்ல ஏத்துனாங்க. அவர் இன்னொண்ணுல வந்திருப்பாரு. அவரு பொண்டாட்டிகூட இங்கதான் வரேன்னு சொல்லிருந்தாங்களாம். பாத்தியா?"

பேச வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து சமையற்கட்டு அம்மாள் வந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கிற வாஃபிள் தட்டு. இன்னொரு கையில் அவனுடைய ஊறுகாய் பாட்டில், அலமாரியில் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. இரண்டையும் அவன் முன்னால் வைத்து, அவன் தலையைத் தடவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அவன் முகம் மலர்ந்தது. பாட்டிலை நோக்கிக் கையை நீட்டினான்.

"அக்கா, கேட்டேனே. செகண்ட் எங்க?"

"மொதல்ல சாப்பிடு" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. நான் சொல்ல நினைத்தது அது இல்லை. என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன், எப்படி ஆரம்பிப்பது, எந்தச் சொல்லைப் போடுவது என்று. எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

நீட்டிய கை பாட்டிலைத் தொடாமல் நின்றது. அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே. தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான். கருகிய புருவத்துக்குக் கீழே அவன் கண் மெல்ல நிறைந்தது. நான் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தேன். ஊறுகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். வாஃபிளைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னொண்ணு சொல்லட்டுமாடா?" என்று கேட்டேன்.

அவன் முதலாவதையே இன்னும் தொட்டிருக்கவில்லை.